கை உயர்த்தல்

வியாழன்தோறும் இரவு எட்டு மணி,
தீயணைப்பு நிலையத்தின் மாடியில் ஒத்திகை.
நாற்பத்தொரு பேர். ரைன் நதி கீழே,
நாங்கள் வாசிப்பதைக் கேட்காமல் போகும்.
நான் பின்வரிசையில், பெரிய முரசுக்குப் பின்னால்;
பகலில் ஷாஃப்ஹவுசன் நிலையத்தில்
ரயில் இருக்கைகளைத் துடைப்பவன்.

இந்த வசந்தத்துக்குப் புதிய உருப்படி.
தலைப்பில் ஒரு தேதி மட்டும்: ஏப்ரல் ஒன்று.
நாற்பத்து நாலாம் ஆண்டு,
அமெரிக்க விமானங்கள்
இந்த ஊரை ஜெர்மனி என்று நினைத்த காலை.

'குண்டு விழுவதை நீ அடிக்க வேண்டாம்' என்றா பெயாட்ரிஸ்,
எங்கள் கொண்டக்டர் (சீட்டுக் கிழிக்காத கொண்டக்டர்).
'முரசில் குண்டு விழுந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.
அதற்கு முன்னால் இருந்ததை வாசிப்போம்.'

முன்னால் இருந்தது:
ஒரு சனிக்கிழமை. சங்கு ஊதிற்று.
எத்தனையோ தடவை ஊதி ஒன்றும் விழாத சங்கு.
யாரும் ஓடவில்லை.
துபா ஊதும் ஹன்ஸ்யூர்க்கின் தாய்
ரொட்டி வாங்கப் போகச் சோம்பல்பட்டாளாம்;
அதனால்தான் நான் துபா ஊதுகிறேன் என்பார்,
எச்சிலைத் தட்டிக் கொட்டியபடி.
மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.
உயரத்தில் வெள்ளி மினுங்கியது.
அதை நான்கு புல்லாங்குழல்கள் சொல்கின்றன,
ஒரே சுரத்தில், ஒன்றையொன்று உரசி.
தாளின் ஓரத்தில் இசையமைத்தவர் எழுதியிருக்கிறார்:
'யாரோ கை அசைக்கிறார்கள்.'

என் தாளில் அந்த இடத்தில்
ஒரு தடித்த கோடு, மேலே 64.
அறுபத்துநாலு ஆவர்த்தனம் சும்மா நில்.
பிறகு ஒரு அடி. ஒன்றே ஒன்று,
பஞ்சுத் தலைக் கோலால், கேட்டும் கேளாமல்.

சும்மா நிற்பது லேசில்லை, எண்ணவேண்டும்.
ஜெர்மனில் எண்ணினால் இருபத்தொன்றில் இடறுவேன்;
இவர்கள் ஒன்றை முதலிலும் இருபதைப் பிறகும் சொல்பவர்கள்.
தமிழில் எண்ணுகிறேன்.
தமிழில் எண்ணினால் அம்மாவின் குரல் வந்துவிடும்.

நாங்கள் நிமிர்ந்து பார்த்தவர்கள் அல்ல.
சகடை வருகிற இரைச்சலுக்கே
பங்கருக்குள் குதித்துவிடுவோம்.
ஈரமண் இருட்டில் அம்மா
தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவா.
ஏழு. எப்போதும் ஏழு.
ஒருநாள் ஆறில் நின்றா.
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினா.

ஒத்திகையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு:
பிழை விட்டவர் கையை உயர்த்தவேண்டும்.
ஒருவரும் ஏசமாட்டார்கள்.
பெயாட்ரிஸ் தலையசைப்பா, இசை நிற்காது.
போன கிழமை கொம்பு ஊதும் பள்ளிக்கூடப் பெடியன்
மூன்று முறை உயர்த்தினான், காது சிவக்க.

இந்த ஊருக்கும் ஒரு கை உயர்ந்தது.
தவறு என்றார்கள். மேகம் என்றார்கள், காற்று என்றார்கள்.
பணமும் கொடுத்தார்கள்.
செத்த நாற்பது பேரில் ஒருவரும் எழுந்து வரவில்லை.
ஆனாலும் அந்தக் கை.

எங்கள் பக்கத்தில்
எல்லோரும் சரியாகவே வாசித்தார்கள்.
ஒரு சுரமும் பிசகவில்லை.

கச்சேரி அன்று தேவாலயம் நிறைந்திருந்தது.
ஈரக் கோட்டு வாசம், இருமல், பிறகு அமைதி.
ஐம்பத்தெட்டு வரை நன்றாகத்தான் எண்ணினேன்.
அதன்பிறகு எந்த எண்ணில் நிற்கிறேன்,
எந்தத் தலையில் என் விரல் இருக்கிறது,
தெரியவில்லை.

ஒரு ஆவர்த்தனம் முந்தி அடித்துவிட்டேன்.

புல்லாங்குழல்கள் இன்னும் மேலேதான் மினுங்கிக்கொண்டிருந்தன.
பழக்கதோஷத்தில் என் கை உயர்ந்தது,
சபை நடுவே, கோலோடு.
பெயாட்ரிஸ் தலையசைத்தா. இசை நிற்கவில்லை.

மூன்றாம் வரிசையில்,
மஞ்சள் மழைச்சட்டை போட்ட ஒரு குழந்தை
தன்னைத்தான் பார்க்கிறேன் என்று எண்ணி
எனக்குக் கை அசைத்தது.